மணலைக் கல்லாக்கும் பாக்டீரியாவும் 256 மூட்டை யூரியாவும்

முப்பத்தொரு வருடம் ஆபீஸில் என்ன வேலை பார்த்தாய் தாத்தா என்று பேரன் கேட்டால், "பூமியைச் சுத்தியலால் அடித்து எண்ணிக்கொண்டிருந்தேன்" என்பேன். சாயில் டெஸ்ட் கம்பெனிகளில் இருந்தவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சில்லை என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் துளை போட்டு, அடியில் ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோ இரும்புக் குண்டை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன் தலையில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வாங்கியதோ, அதுதான் அந்த மண் எடுத்த மார்க்.

நாற்பது ஐம்பது மார்க் என்றால் டீ குடிக்கப் போகலாம். நாலு, ஐந்து, ஆறு என்று வந்தால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். கடலோர மணலில் அப்படித்தான் வரும். வீடு கட்டுவதற்கு முன்னால் என்றால் பைல் போடுங்கள், மணலைக் குலுக்கி இறுக்குங்கள் என்று ஏதாவது சொல்லலாம். வீட்டைக் கட்டி, கிரகப்பிரவேசம் முடிந்து, பத்து வருடம் கழித்து வந்து கேட்பார்கள். மேலே வீடு நிற்கும்போது அடியில் இருக்கும் மணலை என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வியோடு போன தை மாதம் வந்தவர் என் வாக்கிங் நண்பர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் சொந்த வீடு. ஒரு மூலையில் சுவர் விரிசல் விட்டு, காம்பவுண்டு சாய ஆரம்பித்திருந்தது. யாரோ ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பாக்டீரியா ஊசி போட்டு மணலைக் கல்லாக்கித் தருகிறோம், எட்டு லட்சம்" என்று சொல்லியிருக்கிறார். நண்பர் என்னிடம் கேட்டார்: "சார், இது நிஜமா, இல்ல டுபாக்கூரா?"

நிஜம்தான் சார் என்றேன். அதுதான் சிக்கலே. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன்.

மணல் ஏன் ஆபத்து என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சும்மா கிடக்கிற வரையில் மணல் நல்ல பிள்ளை. தளர்ந்த மணல், அதன் இடுக்குகளில் தண்ணீர், இந்த நிலையில் பூமி குலுங்கினால் கதை வேறு. குலுக்கலில் மணல் நெருங்கி உட்காரப் பார்க்கும். இடுக்கில் உள்ள தண்ணீருக்கு அவ்வளவு வேகமாக வெளியே ஓட வழியில்லை. மேலே இருக்கும் பாரம் மணலை விட்டுத் தண்ணீரின் தலையில் ஏறும். அந்தச் சில நொடிகளுக்கு அது மண் இல்லை, கஞ்சி. 1964 ஜூனில் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் அப்படியே சாய்ந்தன. சில கிட்டத்தட்டப் படுத்தே விட்டன. கட்டடம் உடையவில்லை, அடியில் இருந்த மண்தான் கையை விரித்துவிட்டது.

நான் என் கண்ணால் பார்த்தது 2001-இல், குஜராத்தில். ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பிறகு அந்தக் கோடையில் வேலையாகப் போயிருந்தோம். வயல் நடுவே வட்டம் வட்டமாக மணல் குவியல்கள். அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக் கொண்டுவந்து கொட்டிய மணல். காண்ட்லா துறைமுக அலுவலகக் கோபுரம் பைல்கள் மேல் நின்றிருந்தும் சாய்ந்திருந்தது. அடுத்த வருடமே நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தினார்கள். சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்குப் போனது. அதற்கு முன் கட்டிய கடலோர வீடுகள் எல்லாம் அதே மணலில் அப்படியேதான் நிற்கின்றன.

சிமெண்ட் பாலை அடியில் செலுத்தலாமே என்று தோன்றும். நைஸ் மணலில் போகாது. சிமெண்ட் துகள் பெரிது, மணல் இடுக்கு சிறிது. சல்லடை மேல் மாவு தேங்குகிற மாதிரி வாசலிலேயே தேங்கிவிடும். ரசாயனக் கரைசல்கள் போகும். ஆனால் அவற்றின் சரித்திரம் நல்லதில்லை. 1974-இல் ஜப்பானில் அக்ரிலமைடு கிணற்றுத் தண்ணீரில் கலந்து மக்கள் பாதிக்கப்பட்டபின், சோடியம் சிலிகேட் வகை தவிர மற்ற ரசாயனங்களை மண்ணில் செலுத்துவதையே அங்கே தடுத்துவிட்டார்கள். 1997-இல் ஸ்வீடனில் ஹாலண்ட்சோஸ் சுரங்கப்பாதை வேலையிலும் அதே வகைச் சரக்கு ஓடையில் கசிந்து, மீன்கள் செத்து, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. மண்ணுக்குள் எதை ஊற்றினாலும் அது யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். என் சர்வீஸில் நான் கற்றுக்கொண்டதில் இது முக்கியமானது.

இனி பாக்டீரியா விஷயத்துக்கு வருவோம். பெயர் ஸ்போரோசார்சினா பாஸ்டூரி. லூயி பாஸ்டர் பெயரைத் தாங்கியது. மண்ணில் சாதாரணமாக இருப்பதுதான், மனிதர்களுக்கு நோய் தராது. அதன் கையில் உள்ள ஆயுதம் யூரியேஸ் என்ற நொதி. யூரியாவை உடைத்து அமோனியாவாகவும் கார்பனேட்டாகவும் பிரிக்கும். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு சுவர் ஓரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோமே, அந்த நெடிக்கும் காரணம் இதே நொதிதான். அங்கே வீணாகப் போகும் கார்பனேட்டுக்குப் பக்கத்தில் கால்சியத்தை வைத்தால், இரண்டும் சேர்ந்து கால்சைட் ஆகிவிடும். அதாவது சுண்ணாம்புக்கல். சங்கு, சிப்பி, பளிங்கு எல்லாம் அந்தச் சாதி.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மணல் மணிகள் ஒன்றை ஒன்று தொடுகிற கழுத்துகளில் பாக்டீரியா போய் ஒதுங்கும். கால்சியம் அதன் உடம்பின் மேல் வந்து ஒட்டும். படிகம் வளர வளர பாக்டீரியா அதற்குள்ளேயே புதைந்துவிடும். தான் கட்டிய சமாதியில் தானே அடங்குகிற சித்தர் மாதிரி. படிகம் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் இடுக்கு முழுதும் அடைபடாது. தண்ணீர் போகவும் வரவும் வழி இருக்கும். சிமெண்ட்டுக்கு இந்தப் புத்தி கிடையாது.

யூரியேஸுக்கே ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் என்பவர். இடதுகைப் பழக்கம் உள்ளவர், பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் அந்த இடதுகையையே இழந்தவர். ஒற்றைக் கையோடு ஒன்பது வருடம் போராடி, 1926-இல் ஒரு அவரைக் கொட்டையிலிருந்து யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். நம் தம்பட்டை அவரைக்கு நெருங்கிய உறவு அது. உலகத்திலேயே படிகமாக்கப்பட்ட முதல் நொதி. நொதி என்பது புரதம் என்று அவர் சொன்னதைப் பெரிய ஆட்கள் வெகுநாள் ஏற்கவில்லை. 1946-இல் நோபல் கொடுத்தார்கள்.

மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் கால்சைட் உண்டாக்குவது பொதுவான நடப்பு என்று 1973-இலேயே நேச்சர் இதழில் எழுதிவிட்டார்கள். அதை மணலை இறுக்குவதற்குத் திருப்பியது பிறகு. ஆஸ்திரேலியாவில் மர்டாக் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா விஃபின் 2004-இல் இதில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஜேசன் டிஜாங் குழு 2006-இல், இப்படி இறுக்கிய மணல் தளர்ந்த மணல் போலச் சரியவில்லை என்று காட்டியது. நெதர்லாந்தில் டெல்ஃப்டில் லியோன் வான் பாஸன் 100 கன மீட்டர் மணலை ஒரு பெட்டியில் நிரப்பி, ஒரு பக்கத்திலிருந்து கரைசலை உள்ளே செலுத்தி, மறுபக்கம் இழுத்தார். பதினாறு நாளில் சுமார் 40 கன மீட்டர் கல்லாகியிருந்தது. ஒட்டாத மணலைக் கழுவித் தள்ளியபோது உள்ளே ஒரு பாறை நின்றது. அந்தப் போட்டோவைப் பார்த்தபோது, இது நான் சர்வீஸில் இருக்கும்போது வந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாகத்தான் இருந்தது.

படித்தால் மட்டும் எனக்குப் போதாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பாக்டீரியாவை வீட்டில் வளர்க்க நான் எங்கே போவேன்? நொதி மட்டும் இருந்தாலே வேலை நடக்கும், அந்த வழியிலும் ஆராய்ச்சி நடக்கிறது. பச்சை சோயாவில் யூரியேஸ் தாராளமாக உண்டு. சோயாவை மிக்ஸியில் பொடித்து, ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். யூரியா, மாடித் தோட்டத்துக்கு வாங்கியது இருந்தது. பீரோவில் ஈரம் இழுக்க வைக்கும் டப்பாவில் இருப்பது கால்சியம் குளோரைடுதான். இரண்டு அங்குல பிளாஸ்டிக் பைப்பில் ஒரு சாண் உயரத்துக்குச் சலித்த ஆற்றுமணல், அடியில் துணி. காலையில் சோயாத் தண்ணீர், சாயங்காலம் மற்ற இரண்டின் கரைசல். சேர்த்து ஊற்ற முடியாது, உடனே திரிந்துவிடும். சோயாப் பாலில் கால்சியம் போட்டு டோஃபு செய்கிறார்களே, அதே சமாசாரம்.

மூன்றாம் நாள் மனைவி மாடிக்கு வந்தாள். "என்னங்க இது, மாடியில கக்கூஸ் கட்டுறீங்களா?" என்றாள். அவ்வளவு நெடி. விஞ்ஞானம் என்று ஆரம்பித்தேன். "உங்க விஞ்ஞானத்த துணி காயப்போடுற கொடிக்கு அந்தப் பக்கம் வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாள் ஊற்றி, ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீர் விட்டு அலசி, காயவைத்து, பைப்பை அறுத்தேன். மேல் இரண்டு அங்குலம் கல். உளுந்தவடை கனத்தில் ஒரு துண்டு உடைத்து, எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்தது. கால்சைட்தான், சந்தேகமில்லை. அதற்குக் கீழே பிஸ்கட் மாதிரி. அதற்கும் கீழே வெறும் மணல், கையில் ஒழுகியது. நண்பரை வரச்சொல்லிக் காட்டினேன். மேல் துண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்போ போட்டுடலாமா சார்?"

கீழே இருப்பதையும் பாருங்கள் சார் என்றேன். ஒரு சாண் பைப்பிலேயே ஊற்றுகிற வாயில் முதலில் இறுகி, மற்ற இடத்துக்கு வழியை அடைக்கிறது. ஆராய்ச்சிக்கூடங்களிலும் தலைவலி இதுவே. செலுத்தும் வேகம், கரைசலின் அடர்த்தி, இடைவெளி எல்லாவற்றையும் பக்குவமாகப் பிடித்தால்தான் சீராகப் பரவும். வீட்டுக்கு அடியில் ஒரு பக்கம் கல்லாகவும் மறுபக்கம் மணலாகவும் இருந்தால் அது முன்னைவிட மோசம். ஒரே சீராக அமிழும் வீடு தப்பிக்கும், ஒரு பக்கம் மட்டும் அமிழும் வீடுதான் பிளக்கும்.

பிறகு ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நண்பர் வங்கிக்காரர், இந்த மொழி அவருக்குப் புரியும்.

100 கிராம் கால்சைட் கிடைக்க 60 கிராம் யூரியா, 111 கிராம் கால்சியம் குளோரைடு வேண்டும். கூடவே 107 கிராம் அமோனியம் குளோரைடு மிஞ்சும். பள்ளிக்கூட ரசாயனம்தான், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கல்லைவிடக் கழிவின் எடை அதிகம். ஒரு கன மீட்டர் மணல் சுமார் 1,600 கிலோ. நல்ல பலம் வேண்டும், 5 சதவீதம் கால்சைட் என்று வைத்துக்கொண்டால் 80 கிலோ. அதற்கு யூரியா 48 கிலோ, அதாவது கடையில் விற்கும் 45 கிலோ மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. அவர் வீடு 10 மீட்டருக்கு 8 மீட்டர், 3 மீட்டர் ஆழம் என்றால் 240 கன மீட்டர். யூரியா 11 டன்னுக்கு மேல், 256 மூட்டை. கால்சியம் குளோரைடு 21 டன். மிஞ்சுகிற அமோனியம் குளோரைடு 20 டன்னைத் தாண்டும். ஒரு துளிகூட வீணாகாமல் எல்லாம் ஒழுங்காக நடந்தால் இந்தக் கணக்கு.

"அவ்வளவு வேண்டாம் சார், கம்மியா போடலாமே" என்றார். போடலாம். குலுக்கலில் கஞ்சியாகாமல் இருக்க ஒன்று முதல் மூன்று சதவீதம்கூட உதவும் என்பது உண்மைதான். 2 சதவீதத்துக்கே 102 மூட்டை யூரியா, 8 டன் கழிவு. அதுவும் எந்த யூரியா? வேப்பெண்ணெய் பூசி, அரசாங்கம் மானியம் கொடுத்து விவசாயிக்கு விற்பது. வேறு காரியத்துக்குத் திருப்பினால் குற்றம். தொழிற்சாலை யூரியாவைத்தான் முழு விலைக்கு வாங்க வேண்டும்.

"அந்த எட்டு டன் எங்க போகும்?"

உங்க கிணத்துக்கு சார், என்றேன்.

அவர் வீட்டில் பதினைந்து அடியில் கிணறு. அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலோர மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நம்மைப் பயமுறுத்தும் அதே தளர்ந்த மணல்தான், கடலுக்கு இத்தனை பக்கத்தில் நல்ல தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. குடிநீரில் அமோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. மில்லிகிராமுக்குப் பக்கத்தில் டன்னை வைத்துப் பாருங்கள். நெதர்லாந்தில் 2010-இல் நைமேகன் பக்கம் எரிவாயுக் குழாய் பதிக்கச் சரளை மண்ணை இந்த முறையில் இறுக்கியபோது, கழிவுத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சி எடுத்தார்கள். ஆக, ஊசி போடுவது பாதி வேலை. மறுபடி உறிஞ்சி, சுத்திகரித்து, எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி.

நண்பர் அந்த ஆளுக்கு என் எதிரிலேயே போன் போட்டார். கழிவை எப்படி எடுப்பீர்கள், டிரம்மில் என்ன இருக்கிறது என்று இரண்டே கேள்வி. முதல் கேள்விக்கு "கழிவே வராது சார், இயற்கை முறை" என்று பதில். இரண்டாவதற்கு "கம்பெனி ரகசியம்". நண்பர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

இதனால் இந்த முறையே உதவாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றில் பறக்கும் மணலை அடக்க விரல் கனத்துக்கு மேல்தோல் இறுகினால் போதும், அதற்குச் செலவும் கழிவும் குறைவு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் சேர்ந்து, நிலவு மண் மாதிரியில் இதே பாக்டீரியா, யூரியா, கொஞ்சம் கொத்தவரைப் பிசின் போட்டுச் செங்கல் செய்தார்கள். அச்சுக்குள் செய்தால் கழிவும் நம் கைக்குள் இருக்கும். வெளியிலிருந்து கொண்டுவராமல், அந்த மண்ணிலேயே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போட்டு எழுப்பும் வழியும் வந்திருக்கிறது. எனக்கு அதிக நம்பிக்கை இன்னொரு ஜாதியிடம். அவை நைட்ரேட்டைத் தின்று நைட்ரஜன் வாயுவை விடுபவை. கல்லாக்குவது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் மணல் இடுக்கில் வாயுக் குமிழிகள் தங்கிவிட்டால், குலுக்கலின்போது தண்ணீரின் அழுத்தம் அவ்வளவாக ஏறாது. அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரில் தரையிலேயே சோதித்திருக்கிறார்கள். மேலே வீடு இருக்கும்போதே அடியில் செய்யக்கூடிய வேலை அதுவாக இருக்கலாம். நான் இருந்து பார்ப்பேனா என்பது வேறு.

நண்பர் வீட்டு மூலையில், பழைய பழக்கத்தில், தெரிந்த பையன்களை வைத்து இரண்டு போர் போடச் சொன்னேன். மூன்று மீட்டர் வரை ஏழு, எட்டு. அதற்குக் கீழே பதினெட்டு, இருபத்திரண்டு. மோசமில்லை, பிரமாதமும் இல்லை. அந்த வரிசை வீடுகள் எல்லாமே அதில்தான் நிற்கின்றன. விரிசல் விட்ட மூலையில் மட்டும் முதல் ஒன்றரை மீட்டரில் மார்க் இரண்டு, மணல் சொதசொத என்று வந்தது. மாசியில் மழை ஏது? தோண்டிப் பார்த்தால் சம்ப்பிலிருந்து போகும் பைப் ஜாயிண்ட் விட்டுப்போய், தண்ணீர் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்து மழைநீர்க் கால்வாய்க்கு இழுத்துக்கொண்டிருந்தது.

பிளம்பருக்கு 1,800 ரூபாய். குழியில் மணலை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க இரண்டு நாள் ஆள் கூலி. விரிசல் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதிவிட்டு வந்திருக்கிறேன். ஆடி வரைக்கும் அது உடையவில்லை. வருகிற மழைக்காலத்தையும் பார்த்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், அவர் தீபாவளிக்கு முன்னால் அடித்தே ஆக வேண்டும் என்கிறார்.